திங்கட்கிழமை சாயங்காலம் மூன்று பேர்

"இந்தப் பொண்ணுங்க நல்லாப் பேசக் கத்துக்கிட்டாங்கன்னா எங்களுக்கும் ஈஸி சிஸ்டர்."

பயிற்சியின் முதல் நாள், மதியச் சாப்பாட்டு வரிசையில் தயிர்சாதத்தைத் தட்டில் வாங்கிக்கொண்டே எங்கள் சீஃப், அதாவது அறுவைச் சிகிச்சைத் துறைத் தலைவர், நர்ஸ்களைப் பற்றிச் சொன்னது இது. கெட்ட மனிதர் இல்லை. குத்திக்காட்டவும் இல்லை, பாராட்டாகத்தான் சொன்னார். நானும் "ஆமா சார்" என்று சிரித்துவிட்டு ஊறுகாய் எடுக்கப் போய்விட்டேன். ஆனால் பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத் துணுக்கு மாதிரி அந்த வாக்கியம் ஒன்றரை வருடமாக என்னை விடவில்லை. பதில் சொல்லாமல் சிரித்து வைத்தேனே, அந்தச் சிரிப்பும்தான்.

தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் தனியார் மருத்துவமனை. 32 படுக்கை உள்ள அறுவைச் சிகிச்சை வார்டுக்கு நான் இன்சார்ஜ். ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து 24 வருடம் ஆகிறது. துறைக்கு ஒரு டாக்டர், ஒரு இன்சார்ஜ் சிஸ்டர் என்று ஜோடி ஜோடியாக உட்கார வைத்து, இருவரும் சேர்ந்து வார்டை நடத்தக் கற்றுக்கொடுக்கப்போவதாக எங்கள் நிர்வாகம் இரண்டு நாள் பயிற்சி வைத்தது. அமெரிக்க மருத்துவமனைகளில் இந்த ஜோடி முறைக்கு 'டயட்' (dyad) என்று பெயராம். சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு எங்களில் பாதிப் பேர் சர்க்கரை நோயாளிச் சாப்பாடு பற்றிய வகுப்பு என்றே நினைத்திருந்தோம்.

அந்த இரவு

பயிற்சி வந்ததற்குக் காரணம் எங்கள் வார்டில் நடந்த ஒரு சம்பவம். ஒரு திங்கட்கிழமை. பித்தப்பையை லேப்ராஸ்கோப்பியில் எடுத்த ஐம்பது வயது அம்மா ஒருவர் சாயங்காலம் ஐந்தரைக்கு வார்டுக்கு வந்தார். சார்ட்டில் 5.45-க்கு ஒரு பிபி, 6.15-க்கு ஒரு பிபி. அதற்குப் பிறகு 8.40 வரை ஒன்றும் இல்லை. 8.40-க்கு நைட் டூட்டிக்கு வந்த 23 வயதுப் பெண் பார்க்கும்போது பல்ஸ் 112, பிபி 100/70. டூட்டி டாக்டருக்குப் போன் செய்தாள். "பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்காங்க சார்." வலிக்கு ஊசி போடச் சொன்னார், போட்டாள். பத்து மணிக்கு மறுபடி போன். குளுக்கோஸை வேகமாக விடச் சொன்னார். பதினொன்றரைக்கு மூன்றாவது போன்: "யூரின் கம்மியா இருக்கு சார்." பன்னிரண்டரைக்கு அவர் நேரில் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஒன்றரைக்கு மறுபடி தியேட்டர். ரத்தக்குழாயில் போட்ட கிளிப் நழுவி உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆறாம் நாள் வீட்டுக்குப் போகும்போது அவர் மகன் எங்கள் எல்லோருக்கும் அல்வா டப்பா கொடுத்தார். அதை என்னால் சாப்பிட முடியவில்லை.

விசாரணை நடந்தது. 'தகவல் தொடர்பில் குறைபாடு' என்று முடிவு எழுதினார்கள். அந்தப் பெண் விளக்கக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றார்கள். கடிதத்தை எழுதியது அவள். வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தது நான். "நோயாளியின் நிலையைத் தெளிவாகத் தெரிவிக்கத் தவறிவிட்டேன்" என்று நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். இடையில் ஒரு முறை பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "எழுதும்மா, இதோட முடிஞ்சிரும்" என்றேன். 6.15-க்கும் 8.40-க்கும் நடுவில் ஏன் ஒன்றும் இல்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பேசக் கற்றுக்கொடுத்த நாள்

முதல் நாள் காலை, மனிதவளத் துறைத் தம்பி ஒருவர் மைக்கைப் பிடித்து, "இந்த ரெண்டு நாளும் எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பெயர் சொல்லித்தான் கூப்பிடணும்" என்றார். ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. இதயப் பிரிவு டாக்டருக்கு 38 வயது, அவருடைய இன்சார்ஜுக்கு 54. அவர் இவரை 'சிஸ்டர்' என்பார், இவர் அவரை 'சார்' என்பார். பத்து வருடமாக அப்படித்தான். குழந்தைகள் பிரிவு மேடம் மட்டும் துணிந்து தன் சிஸ்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கூடவே ஓர் 'அக்கா' சேர்த்துச் சமாளித்தார். பத்து நிமிடத்தில் எல்லோரும் சாருக்கும் சிஸ்டருக்கும் திரும்பிவிட்டோம். எனக்கு இதில் வருத்தமே இல்லை. 'அத்தை, அத்தை' என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டே மாமியாரிடம் "அது முடியாது" என்று சொல்கிற மருமகள்கள் நம் ஊரில் எத்தனை பேர். சார் என்று சொல்லிக்கொண்டே ஒரு டாக்டரிடம் மறுத்துப் பேச முடியும். சிக்கல் அங்கே இல்லை.

அப்புறம் 'எஸ்பார்' (SBAR) வந்தது, நோயாளியின் நிலையை டாக்டரிடம் சொல்கிற முறை. நான்கு படி: இப்போது என்ன நடக்கிறது, முன்கதை என்ன, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்த பேச்சுமுறையை எடுத்து, கைசர் பெர்மனென்டே மருத்துவமனைக்காரர்கள் வார்டுக்குக் கொண்டுவந்தது. நல்ல முறை, அதில் சந்தேகமில்லை. அன்றிரவு அந்தப் பெண், "சார், 14-ஆம் பெட், லேப் கோலி (லேப்ராஸ்கோப்பி பித்தப்பை ஆபரேஷன்) முடிஞ்சு வந்து மூணு மணி நேரம் ஆச்சு, பல்ஸ் 112, பிபி 100/70, வயிறு இறுக்கமா இருக்கு, உள்ளே ப்ளீடிங் இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு, நீங்க உடனே வந்து பாக்கணும்" என்று சொல்லியிருந்தால் டாக்டர் எழுந்து வந்திருப்பார். இருபது நர்ஸ்களை மேடைக்கு வரவழைத்து இதையே நடித்துக் காட்டச் சொன்னார்கள். டாக்டர்கள் எதிரே உட்கார்ந்து கை தட்டினார்கள். அதன் பிறகுதான் அந்தத் தயிர்சாத வாக்கியம்.

மூன்றாவது படியும் நான்காவது படியும் எங்களுக்கு ஏன் வராது என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. லியோனார்ட் ஸ்டைன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1967-இல் டாக்டர்–நர்ஸ் விளையாட்டு என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். நர்ஸ் யோசனை சொல்ல வேண்டும், ஆனால் சொன்னது மாதிரி தெரியக் கூடாது. டாக்டர் அதை எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனால் தானே யோசித்தது மாதிரி இருக்க வேண்டும். இதுதான் ஆட்டத்தின் விதி. படித்தபோது சிரிப்பாக வந்தது, ஏனென்றால் நான் தினமும் ஆடுகிற ஆட்டம். "சார், ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சு அஞ்சு நாள் முடிஞ்சுது" என்று நான் சொன்னால், நிறுத்துங்கள் என்று அர்த்தம். "டிரெயின்ல இன்னைக்கு ஒண்ணும் வரலை சார்" என்றால், கசிவை வடிக்கச் செருகிய டியூபை எடுங்கள் என்று அர்த்தம். அவர் ஒரு நொடி யோசித்து, "சரி, எடுத்துருங்க" என்பார். பிஜி டாக்டர், அதாவது மேற்படிப்பு படிக்கிற டாக்டர், அதை ஆர்டராக எழுதுவார். 1990-இல் ஸ்டைன் மறுபடி எழுதும்போது, நர்ஸ்கள் இந்த ஆட்டத்தை விட்டு விலகிக்கொண்டிருக்கிறார்கள் என்றார். அது அவர்கள் ஊர். இருபது வருடம் இப்படி ஆடியவளிடம் திடீரென்று மைக்கைக் கொடுத்து "நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்" என்று சொல்லச் சொன்னால் வார்த்தை வராது.

வரவழைத்த இடங்களும் உண்டு. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற தீவிர சிகிச்சை மருத்துவர், பெரிய ரத்தக்குழாயில் குழாய் செருகும்போது செய்ய வேண்டியவை என்று ஐந்து விஷயங்களை 2001-இல் பட்டியல் போட்டார். கை கழுவுவதில் ஆரம்பிக்கிற சாதாரணப் பட்டியல். டாக்டர்கள் அதைச் செய்கிறார்களா என்று ஒரு மாதம் நர்ஸ்களைக் கவனிக்கச் சொன்னபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஏதாவது ஒரு படி விட்டுப்போயிருந்தது. அடுத்து அவர் செய்ததுதான் விஷயம். ஒரு படியை விட்டால் டாக்டரை நிறுத்தும் அதிகாரத்தை நர்ஸுக்குக் கொடுத்து, அதற்குப் பின்னால் நிர்வாகத்தையும் நிற்க வைத்தார். பிறகு மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் அதிகமான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதைச் செய்து பார்த்த முடிவு 2006-இல் வந்தது. அந்தக் குழாய் வழியாக ரத்தத்தில் வரும் தொற்று பாதிக்கு மேற்பட்ட இடங்களில் அடியோடு நின்றிருந்தது. அந்த நர்ஸ்களுக்குப் பேச்சுப் பயிற்சியும் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர்கள் வாயைத் திறந்தது, திறந்தால் வேலை போகாது என்று தெரிந்ததால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் ஹாலில் அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. நிர்வாகம் என்று ஒரு பாடத்தை முறையாகப் படித்துவிட்டு வருவது நாங்கள்தான். பிஎஸ்சி நர்சிங்கில் அதற்கென்று தனிப் பேப்பர் உண்டு. ரோஸ்டர் போடுவது, வேண்டிய பொருளுக்கு இண்டென்ட் எழுதுவது, சரக்கு இருப்பு பார்ப்பது எல்லாம் பரீட்சைக்கு வரும். டாக்டர்களுக்கு 2019-இல் வந்த புதிய எம்பிபிஎஸ் பாடத்திட்டத்தில் நடத்தை, அறம், தொடர்பாடல் என்று ஒரு பகுதி சேர்த்திருக்கிறார்கள். சமூக மருத்துவத்தில் கொஞ்சம் நிர்வாகமும் வரும். ஆனால் எங்கள் சீஃப் படித்த காலத்தில் அந்தப் பகுதியும் கிடையாது. நன்றாக ஆபரேஷன் செய்ததால் அவர் துறைத் தலைவர் ஆனார். ஒரு வார்டில் ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அவருக்கு யாரும் எப்போதும் சொன்னதில்லை. அப்படியிருக்க, ஜோடியில் பயிற்சி தேவைப்படுவது யாருக்கு என்று அந்த மேடை ஏற்பாட்டைப் பார்த்தால் தலைகீழாகப் புரிந்துகொள்ளத் தோன்றும். (படித்த நிர்வாகத்தை வைத்து நாங்கள் என்ன செய்கிறோம் என்று கேட்டால், பாதி நேரம் போர்வை எண்ணுகிறோம். முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் மகள் சரோஜினி வரதப்பன் தலைமையில் 1987-இல் மத்திய அரசு அமைத்த உயர்மட்டக் குழு, நர்ஸ்களை நர்சிங் அல்லாத வேலைகளிலிருந்து விடுவிக்கச் சொன்னது. சலவைக்குப் போன பச்சைத் துணியில் இரண்டு குறைகிறது என்று இன்று காலையிலும் நான் கையெழுத்துப் போட்டேன்.)

பென்சிலும் அழிரப்பரும்

இரண்டாம் நாள் வந்தபோது டாக்டர்கள் பக்கம் பாதி நாற்காலி காலி. எமர்ஜென்சி, ஓபி, இன்னொரு எமர்ஜென்சி. எங்கள் சீஃப் வந்திருந்தார். பயிற்சிக்கு வந்தால் டாக்டர்களுக்குக் கிரெடிட் பாயின்ட் இருக்கிறது என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அன்று வகுப்பெடுக்க வந்தவர் ராணுவ மருத்துவமனைகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மேஜர் மேடம். காலையில் கொஞ்ச நேரம் ஸ்லைடு காட்டினார். மதியத்துக்குமேல் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, ஜோடி ஜோடியாக மேஜைக்கு வரச் சொல்லி, ஆளுக்கொரு பென்சிலும் அழிரப்பரும் கொடுத்தார். டாக்டர்கள் அடுத்த வாரத்துக்கு நர்ஸ்களின் டூட்டி ரோஸ்டர் போட வேண்டும். சிஸ்டர்கள் திங்கட்கிழமைக்கு ஓ.டி. லிஸ்ட், அதாவது ஆபரேஷன் தியேட்டர் வரிசை, போட வேண்டும். விவரமெல்லாம் எதிரில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளலாம். முக்கால் மணி நேரம்.

சீஃப் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வார்டு நர்ஸ் பட்டியலில் 15 பேர். இரண்டு பேர் பிரசவ விடுப்பு; 2017-க்குப் பிறகு 26 வாரம். மீதி 13 பேர், வாரத்துக்கு ஆளுக்கு 6 நாள் என்றால் 78 ஷிஃப்ட். காலை 4, சாயங்காலம் 3, இரவு 3 என்று ஒரு நாளைக்கு 10, வாரத்துக்கு 70. "எட்டு மிச்சம் இருக்கே சிஸ்டர்" என்று உற்சாகமாகச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். தொடர்ந்து ஆறு நைட் பார்த்தவர்களுக்கு இரண்டு நாள் ஆஃப் கொடுக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த இரண்டு பேரை ஒரே நைட்டில் போடக் கூடாது. ஒருத்திக்குக் கைக்குழந்தை. நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமை காலை கோவிலுக்குப் போகிறவர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறாவது விட்டுக்கொடுக்காவிட்டால் அடுத்த மாதம் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்கள். வாரத்துக்கு ஒருத்தி காய்ச்சல் என்று படுப்பாள், அது யார் என்று முன்கூட்டியே தெரியாது. அவர் எழுதினார், அழித்தார், எழுதினார், தாள் கிழிந்தது. வேறு தாள் வாங்கினார். அரை மணி நேரத்தில் ஒரு ரோஸ்டரை நீட்டினார். பார்த்தேன்.

"சார், இந்தப் பொண்ணு புதன்கிழமை காலையில ஏழரை மணிக்கு நைட் முடிக்கிறா."

"ஆமா."

"அதே புதன்கிழமை காலையில ஏழு மணிக்கு டூட்டிக்கு வரா."

அவர் தாளை வாங்கி உற்றுப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து மேஜையிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள்.

என் நிலைமையும் ஒன்றும் பெருமைப்படும்படி இல்லை. ஏழு கேஸ். எத்தனையோ வருடமாக ஓ.டி. லிஸ்டைக் கையில் வாங்கி நோயாளிகளைத் தயார்செய்து அனுப்பியிருக்கிறேன். அது எப்படி உருவாகிறது என்று யோசித்ததில்லை. ஆசனவாய்ச் சீழ்க்கட்டி ஒன்று இருந்தது. பாவம், வெறும் வயிற்றோடு இருப்பார் என்று அவரை இரண்டாவதாகப் போட்டேன். "இன்ஃபெக்டட் கேஸ் கடைசியிலதான் சிஸ்டர்" என்றார். குழந்தைக்கு ஹெர்னியா, அது முதலில் வர வேண்டும். சர்க்கரை நோயாளி, அவரையும் சீக்கிரம் எடுக்க வேண்டும். லேப்ராஸ்கோப்பி செட் இரண்டுதான்; ஒன்றைக் கழுவி ஸ்டெரிலைஸ் செய்து திரும்ப வரும்வரை மூன்றாவது லேப் கேஸ் காத்திருக்க வேண்டும். மயக்க மருந்து டாக்டர் திங்களும் வியாழனும் மட்டும் வருகிறவர். நான்கு மணிக்கு அடுத்த ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுவார். இன்சூரன்ஸ் அப்ரூவல் பதினொரு மணிக்கு முன்னால் வராது. செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளலாமா என்றால் வீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், அஷ்டமி நவமி வேறு. எல்லாவற்றையும் பொருத்தி முடித்தபோது என் லிஸ்டில் கடைசி கேஸ் இரவு ஏழே முக்காலுக்கு முடிந்தது. "அனஸ்தடிஸ்ட் போய் நாலு மணி நேரம் ஆச்சு சிஸ்டர், நீங்களே மயக்கம் குடுத்துக்கிறீங்களா?" என்றார். திங்கட்கிழமையில் ஏன் எல்லாவற்றையும் போட்டு அடைக்கிறார் என்று எத்தனை முறை மனதுக்குள் திட்டியிருப்பேன். அன்றுதான் காரணம் தெரிந்தது.

மேஜர் மேடம் எங்கள் மேஜைக்கு வந்தார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சீஃப் அப்போது போட்ட ரோஸ்டர், அவர் வழக்கமாகப் போடுகிற திங்கட்கிழமை லிஸ்ட். "சாயங்காலம் மூணு மணியிலேர்ந்து வார்டுக்கு எத்தனை பேர் வர்றாங்க? அப்ப அங்கே எத்தனை பேர் இருக்காங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

சீஃப் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கு, அந்த பித்தப்பை அம்மா வந்த அன்னைக்கு, எத்தனை கேஸ் சிஸ்டர்?"

"ஆறு சார்."

"டூட்டியில?"

"மூணு பேர். அதுல ஒருத்தி ரெக்கவரியிலேர்ந்து பேஷண்டைக் கூட்டிட்டு வரப் போகணும்."

"போஸ்ட்-ஆப்ல எத்தனை தடவை பிபி பாக்குறீங்க?"

அவர் எழுதுகிற ஆர்டர்தான். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கால் மணிக்கு ஒரு தடவை, அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு அரை மணிக்கு ஒரு தடவை. சொன்னேன். அவர் தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதினார். நாலும் நாலும் எட்டு. எட்டை ஆறால் பெருக்கினார், 48. "ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷம் ஆகுமா?" பிபி, பல்ஸ், மூச்சு, சூடு, டிரெயின், யூரின் எல்லாம் பார்த்து எழுத ஐந்து நிமிடமாவது ஆகும். 240 நிமிடம். '4 மணி நேரம்' என்று எழுதி வட்டம் போட்டார். இதற்கு மேல் மீதி 26 நோயாளிகள், ஆறு மணி ஆன்டிபயாட்டிக், ஏழரைக்குச் சார்ஜ் கொடுப்பது. கணக்குப்படி பார்த்தால் இந்தியச் செவிலியர் கவுன்சில் பொது மருத்துவமனை வார்டில் 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ் கேட்கிறது; எங்கள் வார்டுக்கு ஷிஃப்டுக்கு ஆறு பேருக்கு மேல் வரும்.

"ஏன் சிஸ்டர் இதை எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கல சார்" என்பது நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் அன்று எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஆனால் அது முழு உண்மை இல்லை. அந்தப் பெருக்கலை நானும் அதுவரை போட்டுப் பார்த்ததில்லை. சாயங்காலம் மூன்று பேர் என்பது நான் சேர்ந்த காலத்திலிருந்து வந்த வழக்கம். அந்த ரோஸ்டர் என் மேஜை டிராயரில் பூட்டியிருக்கும்; சாவி என் இடுப்பில். யாருக்கு எப்போது ஆஃப் என்பது இந்த ஆஸ்பத்திரியில் நான் மட்டுமே முடிவு செய்கிற ஒரே விஷயம். ஒரு டாக்டர் அதில் மூக்கை நுழைத்திருந்தால் நான்தான் முதலில் என்.எஸ். (நர்சிங் சூப்பரின்டென்டென்ட்) அறைக்குப் போய்ப் புகார் சொல்லியிருப்பேன். அவருக்கு லிஸ்ட் கோட்டை என்றால் எனக்கு ரோஸ்டர் கோட்டை. நடுவில் மாட்டிக்கொண்டது ஒரு 23 வயதுப் பெண்ணும் 14-ஆம் பெட் அம்மாவும். அந்தக் கடிதத்தை வரி வரியாகச் சொல்லிக்கொடுத்த என் குரல் அப்போது என் காதிலேயே கேட்டது.

"எனக்கும் இப்பதான் சார் தெரியுது" என்றேன்.

டீ வேளையில் மேஜர் மேடம் ஒரு கதை சொன்னார். அமெரிக்காவில் மின்னசோட்டாவின் ராச்செஸ்டரில், கன்னியர் மடம் 1889-இல் திறந்த செயின்ட் மேரீஸ் ஆஸ்பத்திரி. மேயோ சகோதரர்கள் ஆபரேஷன் செய்த இடம். அங்கே சிஸ்டர் மேரி ஜோசப் என்பவர் 1892-இல் கண்காணிப்பாளராகி, 1939-இல் சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அதோடு 1915 வரை வில்லியம் மேயோவுக்கு எதிரே நின்று ஆபரேஷனில் முதல் உதவியாளராகவும் இருந்தார். நோயாளியின் வயிற்றைச் சுத்தம் செய்யும்போது தொப்புளில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் உள்ளே புற்றுநோய் பரவியிருக்கிறது என்று கவனித்துச் சொன்னவர் அவர்தான். மேயோ அதைப் பற்றி 1928-இல் எழுதினார். ஹாமில்டன் பெய்லி என்ற ஆங்கிலேய அறுவைச் சிகிச்சை நிபுணர் 1949-இல் அவர் பெயரையே அந்தக் கட்டிக்கு வைத்தார். எங்கள் சீஃப் இந்தக் கட்டியைப் பரீட்சைக்குப் படித்திருக்கிறார். அந்தப் பெயருக்கு உரியவர் ஒரு நர்ஸ் என்பது தெரியாதாம். எனக்குக் கட்டியைவிட இன்னொன்று பிடித்தது. ஆஸ்பத்திரிச் சாவிக்கொத்தும் ஆபரேஷன் கருவியும் ஒரே ஆள் கையில் இருந்திருக்கிறது. தியேட்டரில் இன்று எத்தனை கேஸ், வார்டில் எத்தனை கை என்று அவரிடம் யாரும் தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

வியாழக்கிழமை இருபது நிமிடம்

பயிற்சி முடிந்த வாரத்திலிருந்து வியாழக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு சீஃப் நர்ஸ் ஸ்டேஷனுக்கு வர ஆரம்பித்தார். நான் டிராயரைத் திறந்து அடுத்த வார ரோஸ்டரை எடுப்பேன். அவர் திங்கட்கிழமை லிஸ்டை எடுப்பார். இருபது நிமிடம், சில நாள் பத்து. முதல் வாரமே ஒன்று தெரிந்தது: திங்கட்கிழமை லிஸ்டில் இருந்த சின்னக் கொழுப்புக் கட்டி, கால் நகம் மாதிரிக் கேஸ்களுக்கு மரத்துப்போகும் ஊசியே போதும், மயக்க மருந்து டாக்டர் தேவையில்லை. அவற்றைப் புதன்கிழமைக்கு மாற்றினார். நான் திங்கட்கிழமை காலை நான்கு பேரில் ஒருத்தியைப் பதினொன்றிலிருந்து ஏழு வரை என்று நடு ஷிஃப்டில் போட்டேன். காலையில் பாதிப் பேர் தியேட்டரில் இருக்கும்போது வார்டில் மூன்று பேர் போதும். புதிதாக ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. பிறகு இருவரும் சேர்ந்து ஒரு ஆள் கேட்டோம். பட்ஜெட் இல்லை என்றார்கள். அது வேறு கதை.

அந்தப் பெண்ணின் கடிதத்தை ஃபைலிலிருந்து எடுத்துவிட முடியுமா என்று ஆபீஸில் கேட்டேன். முடியாது, வேண்டுமானால் கூட ஒரு தாள் சேர்க்கலாம் என்றார்கள். அன்று டூட்டியில் எத்தனை பேர், எத்தனை கேஸ், எத்தனை தடவை பிபி பார்க்க வேண்டியிருந்தது என்று ஒரு பக்கம் எழுதி சீஃபிடம் காட்டினேன். படித்துவிட்டு, "லிஸ்டை நான் போட்டேன்னு ஒரு வரி சேருங்க சிஸ்டர்" என்றார். சேர்த்தேன். கீழே அவர் கையெழுத்து, பக்கத்தில் என் கையெழுத்து. ஒரே தாளில் டாக்டரும் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டது இந்த 24 வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவளைக் கூப்பிட்டுக் காட்டியபோது, "பரவால்ல மேடம்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. இப்போது குவைத்தில் இருக்கிறாள்.

மற்ற ஜோடிகளில் நான் பார்த்தவரை ஒன்றும் ஒட்டவில்லை. சுவரில் எஸ்பார் போஸ்டர் ஒட்டியதோடு சரி. மாதாந்திரக் குவாலிட்டி மீட்டிங்கைப் பார்த்தால் காரணம் தெரியும். படுக்கைப் புண், நோயாளி விழுந்தது இரண்டும் இன்சார்ஜ் பெயரில் வரும். எத்தனை நாளில் டிஸ்சார்ஜ், எத்தனை கேஸ் ரத்து இரண்டும் டாக்டர் பெயரில் வரும். அவரவர் எண்ணுக்கு அவரவர் பதில் சொல்லிவிட்டு, மற்றவர் பதில் சொல்லும்போது போனைப் பார்ப்போம். ஒரு டிஸ்சார்ஜ் எப்படி நடக்கிறது என்று பாருங்கள்: ரவுண்ட்ஸில் சீஃப் "போகலாம்" என்பார், பிஜி பதினொரு மணிக்குச் சம்மரி டைப் செய்ய உட்காருவார், மருந்தைத் திருப்பிக் கொடுத்து பில்லை மூட நர்ஸ் அலைவாள், இன்சூரன்ஸ்காரர் மதியம்வரை எடுத்துக்கொள்வார், வெள்ளிக்கிழமையானால் பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம் என்று நோயாளியே கிளம்ப மாட்டார். இதில் எது டாக்டர் எண், எது நர்ஸ் எண்? நான்கு எண்ணுக்கும் இரண்டு பெயரையும் போடுங்கள் என்று சீஃபும் நானும் எழுதிக் கொடுத்தோம். எம்.எஸ். (மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட்) அதைப் படித்துவிட்டு, "பார்க்கலாம்" என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் வியாழக்கிழமையும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். தீபாவளி வாரம் நடக்கவில்லை. ஒரு முறை நானே லீவு கணக்கில் தலை வெடித்து, "இன்னைக்கு வேண்டாம் சார்" என்று அனுப்பிவிட்டேன். அந்தத் திங்கட்கிழமை மறுபடி ஆறு கேஸ், மூன்று பேர். ஒன்றும் ஆகவில்லை, ஆனால் சார்ட்டில் ஓட்டை விழுந்திருந்தது. இப்போதெல்லாம் செவ்வாய்க்கிழமை காலை நான் முதலில் பார்ப்பது அந்த ஓட்டையைத்தான்.

போன மாதம் சீஃப் வேறு ஊருக்குப் போய்விட்டார். போகும்போது என்னிடம் அந்தப் பென்சில் கணக்குப் போட்ட தாளைக் கேட்டார். நான் தரவில்லை, டிராயரில் இருக்கிறது. புதிதாக வந்தவர் 36 வயது, சுறுசுறுப்பானவர், இரண்டு போன். யாரும் அவருக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. அடுத்த பயிற்சி எப்போது என்றும் பேச்சில்லை. முதல் வியாழக்கிழமை நான்கு மணிக்கு ரவுண்ட்ஸ் முடித்துக் கிளம்பியவரை, "சார், திங்கட்கிழமை லிஸ்ட் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டேன். நின்றார். "அது நாளைக்கு தியேட்டருக்கு அனுப்பிருவேனே சிஸ்டர், ஏன்?"

ரோஸ்டரை எடுத்து மேஜையில் விரித்தேன்.

"அஞ்சு நிமிஷம்தான் இருக்கு" என்று ஒரு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சரி, ஐந்து நிமிடத்தில் சாயங்கால ஷிஃப்ட் வரைக்குமாவது வந்துவிடலாம். பென்சிலை அவர் பக்கம் தள்ளினேன்.